தாழ்ப்பாள் இல்லாத கதவும் ஒன்பது நாப்கினும்

எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் காலை ஏழே முக்காலுக்கு டவுன் பஸ் ஏறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதே காலுக்குப் பிரேயர். நாலு மணிக்கு மேல்தான் கடைசி மணி. பஸ் பிடித்து வீட்டு வாசலை மிதிக்கும்போது ஐந்தரை ஆகியிருக்கும். மாதவிடாய் நாட்களில் நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கினை மாற்றச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். முதல் இரண்டு நாள் போக்கு அதிகமிருந்தால் இன்னும் சீக்கிரம். ஆக, வீட்டுக்கு வெளியே கழியும் அந்தப் பத்து மணி நேரத்தில் ஒருமுறையாவது, பெரும்பாலும் இரண்டு முறை, பள்ளிக்கூடத்துக்குள்தான் அவள் மாற்றியாக வேண்டும்.

கணக்கைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்க்கலாம். வயதுக்கு வந்த பெண்கள் 400 பேர் படிக்கும் ஒரு பள்ளி. இருபத்தெட்டு நாளில் ஐந்து நாள் என்று வைத்தாலும், எந்த நாளை எடுத்தாலும் சுமார் 70 பேருக்கு மாதவிடாய் இருக்கும். நாற்பது பேருக்கு ஒரு கழிப்பறை என்ற விதி அப்படியே நடைமுறையில் இருப்பதாக நம்பினால் பத்துக் கழிப்பறைகள். காலை இடைவேளை பத்து நிமிடம். உள்ளே போய், பழையதைச் சுருட்டி, புதியதை வைத்து, கை கழுவி வெளியே வர ஐந்து நிமிடமாவது ஆகும். அந்த இடைவேளையில் மாற்ற முடிந்தவர்கள் இருபது பேர். அதுவும் மீதி 330 பேரில் ஒருத்திக்குக்கூடச் சிறுநீர் முட்டாமல் இருந்தால்!

தமிழ்நாட்டில் பள்ளி மாணவிகளின் மாதவிடாய் நலம் என்றாலே பேச்சு நாப்கினில் தொடங்கி நாப்கினிலேயே முடிந்துவிடுகிறது. நாப்கின் வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் கைக்கு வந்த நாப்கினை மாற்ற ஒரு இடமும், ஐந்து நிமிடமும், எழுந்து போக ஒரு அனுமதியும் வேண்டும். அந்த மூன்றும்தான் இன்னும் கைக்கு வந்து சேரவில்லை.

புதுயுகம் கொண்டுவந்தது

நாப்கின் விஷயத்தில் தமிழ்நாடு செய்ததைக் குறைத்துச் சொல்லக் கூடாது. மத்திய அரசு 2011-ல் 17 மாநிலங்களின் 107 மாவட்டங்களில் ‘ஃப்ரீடேஸ்’ என்ற பெயரில் ஆறு நாப்கின் கொண்ட பாக்கெட்டை ஆறு ரூபாய்க்கு விற்கும் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாடு அந்த ஆறு ரூபாயையும் வாங்கவில்லை. ஜெயலலிதா ஆட்சியில் 2011-ல் அறிவிக்கப்பட்டு 2012-ல் நடைமுறைக்கு வந்த ‘புதுயுகம்’ திட்டம், 10 முதல் 19 வயது வரையிலான கிராமப்புறப் பெண்களுக்கு நாப்கினை இலவசமாகவே கொடுத்தது. பள்ளியில் படிப்பவர்களுக்கு ஆசிரியை வழியாக. படிப்பை நிறுத்தியவர்களுக்குக் கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர் வழியாக. மகப்பேற்றுக்காக அரசு மருத்துவமனைக்கு வந்த தாய்மார்களும் சிறையிலிருக்கும் பெண்களும்கூடப் பட்டியலில் இருந்தார்கள். சிறைக்கைதிக்கும் மாதவிடாய் வரும் என்று ஒரு அரசு ஆணை நினைத்துப் பார்த்ததே பெரிய விஷயம் என்பது என் எண்ணம்.

விளைவு எண்களில் தெரிகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 24 வயதுப் பெண்களில் சுகாதாரமான முறையைப் பயன்படுத்துவோர் தமிழ்நாட்டில் 98 சதவீதம். நாடு முழுவதற்கும் 77.3. பீகாரில் 59. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்தக் கணக்கெடுப்பு துணியைச் ‘சுகாதாரமான முறை’யில் சேர்ப்பதில்லை. நன்றாகத் துவைத்து வெயிலில் காயவைத்த பருத்தித் துணியில் தவறு எதுவும் கிடையாது. துவைத்த துணியை வெயிலில் போட முடியாமல், கட்டிலுக்கடியிலும் பழைய புடவைக்கு அடியிலும் ஒளித்து ஈரமாகவே காயவைப்பதுதான் கெடுதல். அங்கேயும் சிக்கல் பொருளில் இல்லை பாருங்கள், இடத்தில்தான்.

சரி, புதுயுகம் எத்தனை கொடுக்கிறது? இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட், பாக்கெட்டுக்கு ஆறு. ஆண்டுக்கு 18 பாக்கெட், 108 நாப்கின். மாதத்துக்கு ஒன்பது. ஐந்து நாளுக்கு ஒன்பது என்றால் ஒரு நாளைக்கு இரண்டைக்கூட எட்டவில்லை. மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மாற்றினால் மாதம் பதினைந்து முதல் இருபது வரை தேவைப்படும். மீதியை அம்மா கடையில் வாங்க வேண்டும், அல்லது ஒன்றையே நாள் முழுக்க வைத்திருக்க வேண்டும். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகளும் அம்மாவும் இருந்தால் அந்த ஒன்பது எப்படிப் பங்கு பிரியும் என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை.

2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபோது நாப்கினுக்கு 12 சதவீதம் போட்டார்கள். குங்குமத்துக்கும் வளையலுக்கும் வரி இல்லை, இதற்கு ஏன் என்று நாடெங்கும் கேள்வி எழுந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் வரியை நீக்கினார்கள். பெண்களின் தேவை எது, அலங்காரம் எது என்பதில் அரசுக்கே ஒரு வருடக் குழப்பம் இருந்திருக்கிறது.

கழிப்பறை என்றால் என்ன

பள்ளிகளில் கழிப்பறை கட்டப்படவே இல்லை என்று இப்போது சொல்ல முடியாது. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்கிறது. 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் எல்லாப் பள்ளிகளிலும் அவற்றை அமைக்கக் கெடு விதித்தது. கட்டடம் பெரும்பாலும் எழுந்துவிட்டது. ஆனால் மாதவிடாயில் இருக்கும் பெண்ணுக்குக் கழிப்பறை என்றால் நாலு சுவரும் ஒரு பீங்கானும் மட்டும் கிடையாது.

உள்ளே தாழ்ப்பாள் வேண்டும். தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குத் தோழி ஒருத்தி காவல் நிற்பாள். அந்தத் தோழி அன்றைக்கு லீவு என்றால் இவளும் போகமாட்டாள். உள்ளே குழாய் வேண்டும், இல்லையென்றால் நிறைந்த வாளியும் மக்கும். தொட்டி வெளியே இருந்தால் கறை பட்ட கையோடு வெளியே வந்து தண்ணீர் மொள்ள வேண்டியிருக்கும். சுவரில் ஒரு ஆணி வேண்டும், சுடிதார் துப்பட்டாவையும் ஓவர்கோட்டையும் மாட்ட. புதிய நாப்கினை ஈரமில்லாமல் வைக்க ஒரு சின்னத் திட்டு வேண்டும். இல்லாவிட்டால் வாயில் கவ்விக்கொண்டுதான் மாற்றுகிறார்கள். வெளிச்சம், சோப்பு, மூடி போட்ட குப்பைத்தொட்டி. இதில் எதுவும் ஆயிரக்கணக்கில் செலவாகும் சமாச்சாரமில்லை. ஆனால் டெண்டர் விடுகிறவர் பெரும்பாலும் ஆண். கட்டுகிறவர், திறந்து வைக்கிறவர், ஆய்வுக்கு வருகிறவர் எல்லாரும் பெரும்பாலும் ஆண்கள். ஆணியின் அருமை அவர்களுக்கு எப்படித் தெரியும்?

குப்பைத்தொட்டி விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தொட்டி இல்லாத இடத்தில் நாப்கின் பீங்கானுக்குள் போகிறது, அடைக்கிறது, அந்தக் கழிப்பறை பூட்டப்படுகிறது. பத்து ஒன்பதாகி, ஒன்பது எட்டாகிறது. அடைப்பை எடுக்க வருகிறவர் உள்ளாட்சி வழியாகச் சொற்பத் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்ட ஒரு துப்புரவுப் பணியாளர். பெரும்பாலும் பெண், பெரும்பாலும் தலித். பல பள்ளிகளில் கையுறைகூடக் கொடுப்பதில்லை. மாணவிகளின் சுகாதாரத்தைப் பேசிக்கொண்டே இவரை மறந்துவிடுவது நம் கட்டுரைகளின் வழக்கம். 2016-ன் திடக்கழிவு விதிகள் நாப்கினைத் தாளில் சுற்றித் தனியாகக் கொடுக்கச் சொல்லின. சுற்றுவதற்கான உறையைத் தயாரிப்பாளரே தர வேண்டும் என்றும் சொல்லின. பழைய செய்தித்தாளை நாலாகக் கிழித்துக் கழிப்பறையில் தொங்கவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பயன்படுத்திய நாப்கினை எரிக்கும் எரிப்பான் இயந்திரம் இன்னொரு கதை. திறப்பு விழாவுக்கு அழகான பொருள். நாப்கினில் பெரும்பகுதி பிளாஸ்டிக். 800 டிகிரி செல்சியஸுக்குக் குறைந்த சூட்டில் எரித்தால் டையாக்சின், ஃபியூரான் போன்ற நச்சுப் பொருள்கள் புகையோடு வரும். சுவரில் மாட்டும் சின்ன இயந்திரம் அந்தச் சூட்டை எட்டுவது அரிது; அதன் புகைக்குழாய் வகுப்பறை ஜன்னலைப் பார்த்து நிற்பதும் உண்டு. உள்ளே சூடேற்றும் கம்பிச்சுருள் எரிந்துபோனால் பழுது பார்க்க ஆள் வராது, இயந்திரம் பூட்டிய பெட்டியாகச் சுவரில் நிற்கும். அதைவிட மூடி போட்ட தொட்டியும் தினமும் எடுத்துப் போகும் ஏற்பாடும் மேல் என்றே நினைக்கிறேன்.

உடலுக்குள் வைத்து ரத்தத்தைச் சேகரித்து, கழுவி மறுபடி பயன்படுத்தும் மாதவிடாய்க் கோப்பை இதற்கெல்லாம் மாற்று என்கிறார்கள். கேரளத்தின் கும்பளங்கி ஊராட்சி 2022-ல் நாப்கின் இல்லாத ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது அப்படித்தான். நல்ல மாற்று, சந்தேகமில்லை. பன்னிரண்டு மணி நேரம் வரை தாங்குவதால் பள்ளியில் மாற்ற வேண்டிய தேவையே குறையும். ஆனால் வீட்டில் அதைக் கொதிக்கவைக்கப் பாத்திரம் யார் கொடுப்பார்கள், ‘கன்னிப் பெண்ணுக்கு எதுக்கு இது’ என்ற கேள்விக்கு யார் பதில் சொல்வார்கள் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

இத்தனைக்கும் நடுவே பெண்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் வழி ஒன்றுதான்: தண்ணீர் குடிக்காமல் இருப்பது. காலையில் நிரப்பிக் கொண்டுபோன பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வரும். தலைவலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும்.

உள்ளேன் டீச்சர்

மாதவிடாயால் இந்தியாவில் 23 சதவீதப் பெண்கள் படிப்பை நிறுத்துகிறார்கள் என்ற எண்ணை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். 2010-11 வாக்கில் ஏசி நீல்சன் நிறுவனம் சுமார் ஆயிரம் பெண்களிடம் எடுத்த ஒரு கணக்கெடுப்பிலிருந்து வந்த எண் அது. நாட்டுக்கே பொருத்தும் அளவுக்கு அது பெரிதல்ல. ஆனாலும் மேடைக்கு மேடை ஏறிக்கொண்டே இருக்கிறது.

ஒழுங்காகச் செய்த ஆய்வுகள் சொல்வது வேறு மாதிரி, சற்றுச் சிக்கலாகவும் இருக்கிறது. 2016-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, இந்தியாவில் நடந்த 138 ஆய்வுகளைச் சேர்த்து, ஏறக்குறைய 97,000 பெண்களின் விவரங்களைப் பார்த்தது. மாதவிடாய் நாட்களில் பள்ளிக்குப் போகாமல் இருந்ததாகச் சொன்னவர்கள் சுமார் நாலில் ஒருவர். நேபாளத்தின் சித்வானில் எமிலி ஆஸ்டர், ரெபெக்கா தார்ன்டன் என்ற இரு பொருளியலாளர்கள் மாணவிகளில் ஒரு பகுதியினருக்கு மாதவிடாய்க் கோப்பை கொடுத்து வருகைப் பதிவைக் கவனித்தார்கள். கோப்பை கிடைத்தவர்களின் வருகை கூடவில்லை. கூடுவதற்கு அங்கே இடமும் இருக்கவில்லை: 180 பள்ளி நாட்களில் மாதவிடாயால் தவறியது சராசரியாக அரை நாளைக்கூட எட்டவில்லை.

இதை வைத்து ‘பார்த்தீர்களா, பிரச்சினையே இல்லை’ என்று முடிப்பது அவசரம். வருகைப் பதிவேட்டில் ‘உள்ளேன்’ என்று சொன்ன பெண், கறை பட்டிருக்குமோ என்ற பயத்தில் கடைசி பெஞ்சில் சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். கேள்வி கேட்டால் எழுந்திருக்கத் தயங்குவாள். கரும்பலகைக்கு வரச் சொன்னால் தெரியாது என்பாள், தெரிந்த கணக்குக்கும். அவள் இழப்பது பதிவேட்டில் ஏறாது.

அதோடு, அஞ்சலி அதுகியா என்ற ஆய்வாளர் 2017-ல் வெளியிட்ட இந்திய ஆய்வு ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பள்ளியில் கழிப்பறை கட்டியபோது சிறு பிள்ளைகளின் சேர்க்கை எந்தக் கழிப்பறையானாலும் கூடியது. பூப்பெய்தும் வயதுப் பெண்களின் சேர்க்கையோ, பெண்களுக்கென்று தனிக் கழிப்பறை கட்டிய இடங்களில்தான் கூடியது. பொதுக் கழிப்பறை அவர்களைப் பள்ளிக்கு இழுக்கவில்லை. இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால், பொருளை மட்டும் கொடுப்பதைவிட இடத்தைச் சரிசெய்வது அதிகம் வேலை செய்கிறது என்றே எனக்குப் படுகிறது.

வலி என்ற ஒன்று இருப்பதையும் பள்ளிகள் ஒப்புக்கொள்ள வேண்டும். கருப்பையின் உள்படலம் கரையும்போது ‘புரோஸ்டாகிளாண்டின்’ என்ற பொருள் சுரக்கிறது. அதுதான் கருப்பைத் தசையை இறுக்கி வலி உண்டாக்குகிறது, சிலருக்கு வாந்தியும் பேதியும் வருவதற்கும் காரணம் அதுவே. ‘எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதானே’ என்ற பதில் அந்தப் பொருளைக் குறைக்காது. வெந்நீர் ஒத்தடம் வலியைக் குறைக்கும். மருத்துவர் சொன்ன வலி மாத்திரையை, சாப்பாட்டுக்குப் பின், வலி தொடங்கும்போதே போட்டுக்கொண்டால் இன்னும் நன்றாகக் குறைக்கும். முற்றியபின் போட்டால் பலன் குறைவு. விளையாடினால் ஆகாது என்பது வெறும் பேச்சு. முதல் இரண்டு ஆண்டு சுழற்சி ஒழுங்காக வராமல் இருப்பது இயல்பு. 21 நாள் முதல் 45 நாள் வரை இடைவெளி போகலாம். ஆனால் ஏழு நாளைத் தாண்டி நிற்காத போக்கு, மணிக்கொரு நாப்கின் நனையும் போக்கு, மாதாமாதம் பள்ளியை நிறுத்தும் வலி, 15 வயதாகியும் பூப்பெய்தாமை – இவற்றுக்கு வீட்டு வைத்தியம் போதாது, மருத்துவரிடம் போக வேண்டும். 2019-21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. வாராவாரம் பள்ளியில் தரும் அந்த நீல நிற இரும்புச்சத்து மாத்திரை பலருக்கு வெறும் வயிற்றில் குமட்டுகிறது, ஜன்னல் வழியாகப் பறந்துவிடுகிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்தால் அந்தப் பறத்தல் குறையும்.

ஃப்ளெக்ஸும் கறுப்புப் பையும்

நம்மூர் வேடிக்கை ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. மகள் வயதுக்கு வந்தால் பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸ் வைக்கிறோம். மாமன் சீர், மைக் செட், முந்நூறு பேருக்குப் பிரியாணி. ஊருக்கே தெரிந்த அதே விஷயத்துக்கு அடுத்த மாதம் நாப்கின் வாங்கும்போது கடைக்காரர் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டுத் தருகிறார். கொண்டாடியது யாருடைய எதை என்று அந்தப் பெண்ணுக்கே குழப்பம் வரும்.

மாதவிடாய்க்கு ‘தூரம்’ என்ற சொல் சும்மா வரவில்லை. மதுரை மாவட்டத்துக் கூவலப்புரத்தில் மாதவிடாய்ப் பெண்கள் தங்குவதற்கென்றே ‘முட்டுத்துறை’ இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்த இரவில், பட்டுக்கோட்டை அருகே அணைக்காட்டில், முதல் மாதவிடாய்க்காக வீட்டை விட்டுத் தள்ளிக் குடிசையில் படுக்கவைக்கப்பட்ட ஒரு சிறுமி தென்னை மரம் விழுந்து இறந்தாள். 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தின் ஒரு தனியார் பள்ளியில், எட்டாம் வகுப்புத் தலித் மாணவி மாதவிடாய் என்பதால் வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டருகே உட்கார்ந்து முழு ஆண்டுத் தேர்வு எழுதினாள். அம்மா எடுத்த வீடியோ பரவியபின் பள்ளி முதல்வர் இடைநீக்கம் செய்யப்பட்டார். குடிசை பள்ளிக்கூடத்துக்குள்ளேயும் வந்துவிட்டது.

பாடப்புத்தகம் என்ன செய்கிறது? எட்டாம் வகுப்பு அறிவியலில் ‘வளரிளம் பருவமடைதல்’ என்று ஒரு பாடமே இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. ஆனால் எட்டாம் வகுப்பில் பெண்ணுக்கு வயது பதின்மூன்று. பலர் ஆறாவது ஏழாவதிலேயே வயதுக்கு வந்துவிடுகிறார்கள். ரத்தத்தைப் பார்த்துப் பயந்து, அடிபட்டுவிட்டது, ஏதோ நோய் வந்துவிட்டது என்று அழுது முடித்த பிறகுதான் பாடம் வந்து சேர்கிறது. மேலே சொன்ன தொகுப்பாய்வின்படி, முதல் மாதவிடாய்க்கு முன்பே அதைப் பற்றித் தெரிந்திருந்த பெண்கள் பாதிக்கும் குறைவு, 48 சதவீதம். அந்தப் பாடத்தையும் ‘வீட்ல படிச்சுக்கோங்க’ என்று தாண்டிப் போகும் வகுப்புகள் உண்டு. பையன்களை வெளியே அனுப்பிவிட்டு நடத்தும் வகுப்புகளும் உண்டு. வெளியே அனுப்பப்பட்ட பையன் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: உள்ளே ஏதோ சிரிக்க வேண்டிய விஷயம் நடக்கிறது.

ஆண் ஆசிரியர் மட்டுமே இருக்கும் பிரிவேளையில் ‘சார், ரெஸ்ட் ரூம்’ என்று ஒரு பெண் எழுந்து நின்றால், ‘இப்பத்தானே இன்டர்வெல் விட்டாங்க’ என்ற பதில் வருகிறது. அவசரத்துக்கு வைத்திருக்கும் நாப்கின் தலைமையாசிரியர் அறை பீரோவில், சாவி டீச்சரிடம், டீச்சர் டிரெய்னிங்கில். இவை பணமில்லாக் குறைகள் அல்ல. கழிப்பறை வாசலிலேயே, யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ள ஒரு அட்டைப்பெட்டியில் பத்து நாப்கின் வைத்தால் போதும். நாலு காணாமல் போனால் போகட்டும். நாலு பேருக்குத் தேவைப்பட்டிருக்கிறது என்று பொருள். காரணம் கேட்காமல் அனுப்ப வேண்டும் என்று ஆசிரியர் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டால் போதும். ஆறாம் வகுப்பின் முதல் மாதத்திலேயே, பையன்களையும் உட்காரவைத்து, ஒரு பிரிவேளை பேசினால் போதும்.

2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் பள்ளி மாணவிகளுக்கான தேசியக் கொள்கை ஒன்றைக் கேட்டது. அடுத்த ஆண்டு கொள்கை தயார் என்று அரசு தெரிவித்தது. கொள்கை டெல்லியிலிருந்து ஒரு ஊர்ப் பள்ளியின் பின்பக்கச் சுவர் வரை நடந்து வர எத்தனை காலமோ. அதுவரை கைக்கெட்டும் இடத்தில் இருப்பது பள்ளி மேலாண்மைக் குழு. சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கூட்டம் பெரும்பாலும் தலைமையாசிரியர் அறையில் டீயோடும் கையெழுத்தோடும் முடிந்துவிடும். கையெழுத்துப் போடும் முன், காலை இடைவேளை மணி அடிக்கும் நேரமாகப் பார்த்து, குழுவிலிருக்கும் இரண்டு அம்மாக்கள் பெண்கள் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திப் பார்க்கலாம். தாழ்ப்பாள் விழுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, கையிலிருக்கும் பையை மாட்ட ஆணி இருக்கிறதா. வெளியே எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பது வரும்போதே தெரிந்துவிடும்.